முழங்கை வலிக்கு ஆறு வாரக் கணக்கும் ஓராண்டுக் கணக்கும்

ஜி.எஸ்.டி சாலையும் ரயில் பாதையும் அருகருகே ஓடும் பொத்தேரியில் டென்னிஸ் மட்டையைத் தொட்டவர்கள் சிலர்தான் இருப்பார்கள். ஆனால் ‘டென்னிஸ் எல்போ’ வரவழைக்கும் வேலைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. விடுதிகளுக்கும் அடுக்ககங்களுக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கழுத்தில் பிடித்து மாடிக்குத் தூக்கிப் போகிறவர்கள், மெஸ்களில் பரோட்டா மாவு வீசுகிறவர்கள், மறைமலைநகர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முழுக்க ஸ்பேனர் திருகுகிறவர்கள், மகேந்திரா சிட்டியில் நாள் முழுக்க மவுஸைப் பிடித்திருப்பவர்கள், வீட்டில் தேங்காய் துருவி ஈரத்துணி பிழிகிறவர்கள் என்று பட்டியல் நீளும். முழங்கையின் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு முனையில் ஒரு வலி தொடங்கும். முதலில் கனமானதைத் தூக்கும்போது மட்டும் வரும். பிறகு டம்ளரை எடுத்தாலே, கதவுக் குமிழைத் திருப்பினாலே சுருக்கென்று பிடிக்கும். வயது பெரும்பாலும் முப்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில் இருக்கும். வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை இதனால் அவதிப்படுகிறார்கள். அவர்களில் டென்னிஸ் ஆடுகிறவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

இந்த வலியை மருத்துவ ஏட்டில் முதலில் பதிந்தவர் ரூங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர். ஆண்டு 1873. அவர் எழுதிக்கொண்டிருந்தது விளையாட்டைப் பற்றியல்ல, பேனா பிடித்து எழுதுகிறவர்களின் கைப்பிடிப்பைப் பற்றி. பத்து ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தில் புல்தரை டென்னிஸ் மோகம் பரவியது. 1882, 1883இல் அங்கே வெளிவந்த மருத்துவக் குறிப்புகள் இதை ஆட்டக்காரர்களின் நோயாக்கிவிட்டன. அன்று ஒட்டிய பெயர் இன்றும் விலகவில்லை.

பிடிப்பது விரல்கள், வலிப்பது முழங்கை. இது ஏன் என்று புரிந்துகொண்டால் சிகிச்சைகளில் பாதியை நாமே எடைபோட்டுவிடலாம். விரல்களை மடக்கும் தசைகள் முன்கையின் உள்பக்கம் இருக்கின்றன. அவை இறுகும்போது விரல்களோடு மணிக்கட்டும் உள்ளே மடங்கப் பார்க்கும். மடங்க விட்டால் பிடி போய்விடும். இப்போதே பார்க்கலாம்: மணிக்கட்டை முழுக்க உள்பக்கம் மடக்கி வைத்துக்கொண்டு முஷ்டியை இறுக்கிப் பாருங்கள், வலுவே இராது. ஆகவே நாம் எதை இறுகப் பிடித்தாலும், முன்கையின் புறப்பக்கத் தசைகள் மணிக்கட்டைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தியாக வேண்டும். அவற்றில் முக்கியமானது எக்ஸ்டென்சர் கார்பி ரேடியாலிஸ் பிரெவிஸ் என்ற தசை. அதன் தசைநாண் முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் போய் ஒட்டுகிறது. ஒவ்வொரு பிடிப்பின் சுமையும் கடைசியில் அந்தச் சிறு இடத்தில்தான் இறங்குகிறது. முழங்கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்கத் தூக்கும்போது இந்த இழுப்பு மிக அதிகம். கையை நேராக நீட்டி பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கச் சொல்லிச் சோதிப்பது இதற்காகத்தான்.

அந்த இடத்தில் என்ன கெட்டுப்போகிறது என்பதில் மருத்துவ உலகம் வெகுகாலம் தவறான படத்தையே வைத்திருந்தது. இதை அழற்சி என்று நினைத்தார்கள். ஆங்கில மருத்துவப் பெயரே ‘அழற்சி’யைக் குறிக்கும் விகுதியில்தான் முடிகிறது. அழற்சி என்றால் அதை அடக்கும் மருந்துதானே வேண்டும்? ஆனால் அமெரிக்க எலும்பு மருத்துவர் ராபர்ட் நிர்ஷல், அறுவையின்போது எடுத்த தசைநாண் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது அழற்சிக்குரிய செல்கள் கிட்டத்தட்ட தென்படவே இல்லை. அவர் சக மருத்துவர் பெட்ரோனுடன் சேர்ந்து 1979இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் திருப்புமுனை. ஆரோக்கியமான தசைநாணில் கொலாஜன் இழைகள் நன்றாக முறுக்கிய தாம்புக்கயிற்றின் புரிகளைப் போல ஒரே திசையில் நெருங்கிக் கிடக்கும். இந்த நோயாளிகளிடம் அந்த ஒழுங்கு குலைந்திருந்தது. இழைகள் தாறுமாறாக ஓடின, வலுவற்ற புது ரத்தக்குழாய்கள் இடையில் முளைத்திருந்தன. பழுது பார்க்கத் தொடங்கி முடிக்க முடியாமல் நின்றுபோன திசு அது. அப்படிப்பட்ட திசுவுக்குத் தேவை, மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளச் சொல்லும் தூண்டுதல். தசைநாணுக்கு அந்தத் தூண்டுதல் அளவான சுமையிலிருந்து வருகிறது.

கத்தியும் ஊசியும் இல்லாத சிகிச்சைகளை ஒப்பிடுவதற்கு முன் ஊசியைப் பற்றிப் பேசியாக வேண்டும். ‘ஒரு ஊசி போட்டா சரியாயிடும்’ என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு: ஸ்டீராய்டு ஊசி போட்டால் உண்மையிலேயே சில நாட்களில் வலி இறங்குகிறது. நெதர்லாந்தில் 185 பேரிடம் நடந்து 2002இல் வெளிவந்த ஆய்வில், ஆறாவது வாரத்தில் ஊசி போட்டவர்களில் 92 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். இயன்முறை சிகிச்சை பெற்றவர்களில் 47 சதவீதம், எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்களில் 32 சதவீதம். இத்துடன் நிறுத்தியிருந்தால் தீர்ப்பு ஊசிக்குத்தான். ஆனால் அந்த ஆய்வாளர்கள் ஓராண்டு வரை பின்தொடர்ந்தார்கள். 52ஆவது வாரத்தில் இயன்முறை சிகிச்சை 91, காத்திருப்பு 83, ஊசி 69. ஆறு வாரத்தில் முன்னால் நின்ற சிகிச்சை ஓராண்டில் கடைசி இடத்துக்குப் போய்விட்டது.

ஒரே ஆய்வு என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 198 பேரிடம் நடந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது, முடிவு அதேதான். ஆறு வாரத்தில் ஊசிக்கு 78 சதவீத வெற்றி. பிறகு அந்தக் குழுவில் 72 சதவீதம் பேருக்கு வலி திரும்ப வந்தது. இயன்முறை சிகிச்சைக் குழுவில் திரும்பியது 8 சதவீதம், காத்திருந்தவர்களில் 9. இதே ஆய்வாளர்கள் 2013இல் இன்னும் கடுமையாகச் சோதித்தார்கள். 165 பேரில் சிலருக்கு ஸ்டீராய்டு ஊசி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி ஊசி. ஓராண்டில் போலி ஊசி போட்டவர்களில் 96 சதவீதம் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள், உண்மையான மருந்து பெற்றவர்களில் 83 சதவீதம். வலி திரும்பியவர்கள் முறையே 12, 54 சதவீதம். குத்தியதால் வந்த கேடு இல்லை, மருந்தால் வந்த கேடு என்பது இதிலிருந்து தெளிவாகிறது. சர்க்கரை நோய் பரவலாக உள்ள நம் ஊரில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் ரத்தச் சர்க்கரை ஏறும்.

எந்தச் சிகிச்சையையும் ஆறு வாரத்தில் அளந்து முடிவு சொல்லக்கூடாது என்பதுதான் இந்த மூன்று ஆய்வுகளும் எனக்குத் தந்த அளவுகோல். அதைக் கையில் எடுத்துக்கொண்டு பிசியோதெரபி அறைக்குள் போகலாம்.

நம் மக்கள் பிசியோவுக்குப் போவதை ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். அல்ட்ராசவுண்ட், ஐ.எஃப்.டி, லேசர் எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். முழங்கைக்கு அதிகம் பயன்படுவது அல்ட்ராசவுண்ட். ஜெல் தடவி ஒரு குமிழை வட்டமாக நகர்த்துவார்கள். காதுக்குக் கேட்காத ஒலி அலைகள் திசுவுக்குள் போய் லேசான சூட்டையும் அதிர்வையும் உண்டாக்கும். 1985இல் இங்கிலாந்தில் 76 பேரிடம் செய்த சோதனை மிகுந்த நம்பிக்கை தந்தது: அல்ட்ராசவுண்ட் பெற்றவர்களில் 63 சதவீதம் பேர் முன்னேறினார்கள், இயங்காத கருவியை வைத்தவர்களில் 29. ஆனால் 1991இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதேபோல ஒப்பிட்டபோது உண்மைக் கருவிக்கும் போலிக் கருவிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அல்ட்ராசவுண்டின் நிலை இதுதான், கொஞ்சம் உதவலாம், தனியாக நம்ப முடியாது. அதிர்வலை சிகிச்சை என்ற ஷாக்வேவ் பெயரிலும் விலையிலும் பெரியது. அதைப் பற்றிய ஒன்பது ஆய்வுகளை, மொத்தம் 1,006 நோயாளிகளை, 2005இல் காக்ரேன் மதிப்பாய்வு ஒன்றாக வைத்துப் பார்த்தது. பலன் மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை என்பது அதன் முடிவு. 904 நானோமீட்டர் அலைநீள லேசரைத் தசைநாண் மேலேயே செலுத்தினால் குறுகிய கால வலி நிவாரணம் உண்டு என்று 2008இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது. குறுகிய காலம் என்ற சொற்களைக் கவனியுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் எல்போ பெல்ட்டை நான் குறைவாக மதிப்பதில்லை. முழங்கை மடிப்பிலிருந்து இரண்டு விரல் அளவு கீழே, முன்கையின் சதைப் பகுதியில் அதை இறுக்கிக் கட்ட வேண்டும். பலர் வலிக்கிற எலும்பு மேலேயே கட்டிக்கொள்கிறார்கள், அதனால் பயனில்லை. சரியான இடத்தில் கட்டினால் தசையின் இழுப்பு பெல்ட்டில் ஓரளவு தடுக்கப்பட்டு, எலும்பு முனைக்குப் போகும் சுமை குறைகிறது. நெதர்லாந்தில் 180 பேரிடம் பெல்ட்டையும் இயன்முறை சிகிச்சையையும் ஒப்பிட்ட ஆய்வு 2004இல் வெளிவந்தது. ஆறு வாரத்தில் வலியைக் குறைத்ததில் இயன்முறை சிகிச்சை முந்தியது, அன்றாட வேலை செய்யும் திறனில் பெல்ட் முந்தியது. ஓராண்டில் இரண்டும் சமம். லீவு போட முடியாத கூலித் தொழிலாளிக்கு வேலை நேரத்தில் மட்டும் பெல்ட் கட்டச் சொல்வது நல்ல யோசனை. இரவில் கழற்றிவிட வேண்டும், விரல் மரத்துப்போனால் தளர்த்த வேண்டும்.

கையால் செய்யும் சிகிச்சைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. மில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் முழங்கையைச் சட்டென்று நீட்டும் ஒரு முறையை 1928இல் எழுதினார். லண்டனின் ஜேம்ஸ் சிரியாக்ஸ், அப்படி நீட்டுவதற்கு முன் தசைநாண் மேல் குறுக்காக ஆழமாகத் தேய்ப்பதைச் சேர்த்தார். இந்தியாவில் இந்த முறை நிறையப் பயிற்றுவிக்கப்படுகிறது. நம் நாட்டு இயன்முறை மருத்துவர்கள் 60 நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து ஜெல்லை அல்ட்ராசவுண்டால் செலுத்தி உடற்பயிற்சியும் தந்ததைவிட சிரியாக்ஸ் முறை நன்றாக இருந்தது. ஆனால் அந்த ஆய்வு எட்டு வாரத்தோடு முடிந்துவிட்டது. என் அளவுகோலில் அது பாதி விடைதான். நியூசிலாந்தின் பிரயன் மல்லிகன் கண்ட முறை வேறு விதம். சிகிச்சையாளர் முன்கை எலும்பை வெளிப்பக்கமாக மெல்லத் தள்ளிப் பிடித்துக்கொள்வார், நோயாளி அதே நேரம் பொருளை இறுகப் பிடிப்பார். சரியாகச் செய்தால் அந்தக் கணமே வலியின்றிப் பிடிக்கும் வலு கூடும். பிரிஸ்பேன் ஆய்வில் இயன்முறை சிகிச்சை என்று குறிப்பிட்டது இந்த முறையையும் உடற்பயிற்சியையும்தான்: ஆறு வாரத்தில் எட்டு முறை, ஒவ்வொன்றும் அரை மணி நேரம்.

தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் பொத்தேரி வழியாக ஓடும் அதே ரயில் பாதையில் இருக்கிறது. பலர் ஒத்தடத்துக்கும், தொக்கணம் என்ற சித்த முறைத் தடவலுக்கும் அங்கே போகிறார்கள், வீட்டிலும் நொச்சி இலை ஒத்தடம் உண்டு. வெதுவெதுப்பு தசையைத் தளர்த்தும், வலியைக் கொஞ்ச நேரம் மட்டுப்படுத்தும். அந்த இதமான அரை மணியில் பயிற்சியைச் செய்துவிடுவது புத்திசாலித்தனம். டைக்ளோஃபினாக் ஜெல் போன்ற பூச்சுகளும் அப்படியே, முதல் சில வாரங்களுக்கு உதவும். நெஞ்சுவலிக்குத் தரும் கிளிசரில் டிரைநைட்ரேட் பட்டையை முழங்கையில் ஒட்டும் முறையை ஆஸ்திரேலியாவில் 86 பேரிடம் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் நல்ல பலன் தெரிந்தது. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது வித்தியாசம் மறைந்திருந்தது. தலைவலி இதன் பக்கவிளைவு, மருத்துவர் எழுதித் தராமல் தொடவே கூடாது.

இனி உடற்பயிற்சி. என் பார்வையில் மற்றவை எல்லாம் துணை, இதுதான் மூலம். தொடக்கத்தில் வலி அதிகமாக இருந்தால் அசைவில்லாத பயிற்சி. முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மறுகையால் புறங்கையை அழுத்துங்கள். மணிக்கட்டை அசையவிடாமல் அந்த அழுத்தத்தை எதிர்த்து 30 முதல் 45 விநாடி நிறுத்துங்கள். ஐந்து முறை போதும். ஓரிரு வாரத்தில் வலி அடங்கியதும் மெல்ல இறக்கும் பயிற்சி. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் நிறைந்திருந்தால் அரை கிலோ எடை, டம்பெல் வாங்க வேண்டியதில்லை. மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். மறுகையால் மேலே தூக்கி வைத்துவிட்டு, வலிக்கும் கையால் மட்டும் நான்கு விநாடி எடுத்து மெதுவாக இறக்க வேண்டும். 15 முறை, மூன்று சுற்று, நாள்தோறும். தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும் இந்த இறக்கத்தில்தான் தசைநாணுக்கு வேண்டிய தூண்டுதல் கிடைக்கிறது. ரப்பர் கம்பியை முறுக்கி மெதுவாக அவிழ்க்கும் ஒரு பயிற்சியை டைலர் என்பவரின் குழு 2010இல் சோதித்தது. 21 பேர்தான் என்றாலும் பலன் பெரிதாக இருந்தது. அதன் அடிப்படையும் இந்த மெல்ல இறக்குவதுதான்.

பயிற்சியின்போது கொஞ்சம் வலித்தால் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலி இருக்கலாம், மறுநாள் காலை அது கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தால் எடையைப் பாதியாக்குங்கள், பயிற்சியைக் கைவிட வேண்டாம். கொலாஜன் இழைகள் புதிதாக அடுக்கப்பட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்து சிட்டிங் கரண்ட் வைத்துவிட்டு ‘ஒண்ணும் கேக்கல’ என்று போகிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அவர்களுக்கு இந்தப் பன்னிரண்டு வாரக் கணக்கை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பொத்தேரியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோடு இயன்முறை மருத்துவக் கல்லூரியும் ஒரே வளாகத்தில் இருக்கிறது. அங்கே போனாலும் தெருமுனை கிளினிக்குக்குப் போனாலும், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை எழுதி வாங்குங்கள். கருவி வைக்கும் இருபது நிமிடத்தைவிட அந்தத் தாள் முக்கியம்.

வேலை செய்யும் விதத்தையும் மாற்றியாக வேண்டும். கேனைக் கழுத்தில் பிடிக்காமல் அடியில் இரு கைகளையும் கொடுத்து, உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கையை மடக்கி மார்போடு அணைத்துத் தூக்கினால் சுமை பெரும்பகுதி மேல்கைத் தசைக்குப் போய்விடும். மாவுப் பாத்திரத்துக்கும் இதே விதிதான். மவுஸ் பிடிப்பவர்கள் முன்கை முழுவதையும் மேசையில் சாய்த்து, மணிக்கட்டு மேலே வளையாமல் வைக்க வேண்டும். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி மெலிதாக இருந்தால் துணி சுற்றித் தடிமனாக்குங்கள், அத்தனை இறுக்கிப் பிடிக்கத் தேவைப்படாது. புகைபிடிப்பவர்களுக்கு இந்த வலி அதிகம் வருவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரிஸ்பேன் ஆய்வில் ஓராண்டு முடிவில் பயிற்சி செய்தவர்களும் வெறுமனே காத்திருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருந்தார்கள். சிகிச்சையே பெறாதவர்களையும் போலிச் சிகிச்சை பெற்றவர்களையும் திரட்டிப் பார்த்த 2022ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, பத்தில் ஒன்பது பேர் ஓராண்டுக்குள் தானாகவே தேறுகிறார்கள் என்றது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, மீதமிருப்பவர்களில் பாதிப் பேர் குணமாகிக்கொண்டே போகிறார்கள். அப்படியானால் பயிற்சி எதற்கு? ஆறாவது வாரத்தில் காத்திருந்தவர்களில் 27 சதவீதமும் பயிற்சிக் குழுவில் 65 சதவீதமும் தேறியிருந்ததே, அதற்குத்தான். தினக்கூலியில் குடும்பம் நடத்துகிறவருக்கு அந்த இடைப்பட்ட மாதங்கள் சாதாரணமானவை அல்ல. ஊசியைப் போல அதற்கான விலையைப் பிற்பாடு வசூலிக்காத வேகம் அது.

அறுவைக்குப் போகிறவர்கள் வெகு சிலர். சச்சின் டெண்டுல்கர் அவர்களில் ஒருவர். 2004இல் தொடங்கிய முழங்கை வலிக்கு 2005 மே மாதம் லண்டனில் அறுவை செய்துகொண்டார். அக்டோபரில் நாக்பூரில் இலங்கைக்கு எதிராக 93 ரன் எடுத்துத் திரும்பினார். உலகின் சிறந்த மருத்துவக் கவனிப்பு கிடைத்தவருக்கே ஐந்து மாதம் பிடித்தது. சிட்னியில் 26 பேரிடம் நடந்து 2018இல் வெளிவந்த சோதனையில், உண்மையான அறுவை பெற்றவர்களும் தோலைக் கீறித் தசைநாணைத் திறந்து பார்த்துவிட்டு அதை வெட்டாமல் தைத்த போலி அறுவை பெற்றவர்களும் ஒரே அளவில் குணமானார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஆறு மாதத்தில் சரியாகவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கத்திக்குப் போகச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் கேட்பது நல்லது.

முழங்கை வலி எல்லாமே டென்னிஸ் எல்போ அல்ல. கழுத்திலிருந்து கை வழியே இறங்கும் வலி, விரல்களில் மதமதப்பு, இரவில் தூங்கவிடாத வலி, மூட்டு வீங்கிச் சிவந்து காய்ச்சலோடு இருப்பது, முழங்கையை முழுக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்வது ஆகியவற்றுக்குக் காரணம் வேறு. மடங்கிய விரல்களை நிமிர்த்தித் தூக்கவே முடியாமல் போனால் முன்கையில் ஓடும் நரம்பு நசுங்கியிருக்கலாம். அப்போது பெல்ட், பாட்டில், ஒத்தடம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.